"எனக்கு எதுக்குப்பா அதெல்லாம்?" – ஒரு பதிலை அளக்கப் போனவர்களின் கதை

2009-ல் நடந்தது. நான் சென்னையில் வேலையில் இருந்தேன், அப்பாவும் அம்மாவும் ஊரில். வீட்டில் லேண்ட்லைன் இருந்தது. அதே லைனில் பிராட்பேண்ட் போட்டுக்கொள்ளலாம் என்று ஊருக்குள் பேச்சு வந்த நேரம். போனில் அப்பாவிடம் கேட்டேன்.

"வீட்டுக்கு இன்டர்நெட் போட்ரலாமாப்பா?"

"எனக்கு எதுக்குப்பா அதெல்லாம்? பேப்பர் வருது, டிவி இருக்கு. போதும்."

நானும் அதோடு விட்டுவிட்டேன். புரோகிராமர் புத்தி. கேள்வி கேட்டாச்சு, பதில் வந்தாச்சு, "அப்பா – ஆர்வம் இல்லை" என்று மனதுக்குள் ஒரு வரி பதிவாகிவிட்டது. அந்த வரி தப்பு என்று எனக்குத் தெரியவந்தது ரொம்ப நாள் கழித்து. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என்னைப் போலவே "உங்க வீட்டுக்கு இன்டர்நெட் வேணுமா?" என்று கேட்டுக் கேட்டு, வந்த பதில்களை லட்சக்கணக்கில் எழுதி வைத்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் இதை 1990-களிலிருந்து அரசாங்கமே செய்துவருகிறது. பல்கலைக்கழகங்களும் செய்திருக்கின்றன. "வேண்டாம்" என்று ஒருத்தர் சொன்னால் அதை எப்படி எழுதிக்கொள்வது என்ற கேள்வி இவர்கள் எல்லோரையும் படாத பாடு படுத்தியிருக்கிறது. அந்தக் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மனசை அளக்க முடியுமா?

லூயி தர்ஸ்டன் என்பவர் படித்தது பொறியியல். மாணவராக இருக்கும்போதே ஒரு சினிமா புரொஜெக்டரை வடிவமைத்து, அதன் மூலம் தாமஸ் எடிசனின் கவனத்துக்கு வந்து, 1912-ல் கொஞ்ச காலம் அவரிடம் உதவியாளராகவும் இருந்தார். பிறகு உளவியலுக்குப் போய்விட்டார். "மனப்பான்மைகளை அளக்க முடியும்" என்ற தலைப்பில் அவர் 1928-ல் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பிலேயே வாதம் முடிந்துவிட்டது!

அவர் முறை இதுதான். ஒரு விஷயத்தைப் பற்றி நிறைய வாக்கியங்களை எழுதிக்கொள்ள வேண்டும். நடுவர்களாகப் பலரை உட்காரவைத்து, அந்த வாக்கியங்களை "கடும் எதிர்ப்பு" முதல் "முழு ஆதரவு" வரை 11 குவியல்களாகப் பிரிக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு எண் கிடைக்கும். பிறகு, யாரை அளக்கவேண்டுமோ அவர் எந்தெந்த வாக்கியங்களை ஒப்புக்கொள்கிறார் என்று பார்த்தால் அவர் நிற்கும் இடம் தெரியும். ஸ்கேலில் கோடு கிழிக்கும் ஆள் செய்கிற வேலை மாதிரியே இருக்கிறது, இல்லையா?

ஆனால் இதில் உழைப்பு அதிகம். 1932-ல் ரென்சிஸ் லிக்கர்ட் அதைச் சுருக்கினார். நடுவர்களே வேண்டாம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "முழுமையாக ஏற்கிறேன்" முதல் "முழுமையாக மறுக்கிறேன்" வரை ஐந்து படிகள். எல்லா வாக்கியங்களுக்குமான மதிப்பெண்ணைக் கூட்டினால் முடிந்தது. இன்றைக்கு ஹோட்டல் பில்லோடு வரும் கருத்துக் கேட்புத் தாள் வரை எல்லாமே அவருடைய வாரிசுகள்தான். ஒன்றை மட்டும் நாம் வசதியாக மறந்துவிட்டோம். லிக்கர்ட் சொன்ன அளவுகோல் என்பது பல வாக்கியங்களின் கூட்டுத்தொகை. ஒரே ஒரு கேள்விக்கு ஐந்து கட்டம் போட்டு வைப்பதல்ல. ஒரு வாக்கியத்தில் ஒருத்தர் எதையோ நினைத்துக்கொண்டு டிக் அடித்திருக்கலாம் என்பதால்தான் பலவற்றைக் கேட்கிறோம்.

சொல் வேறு, செயல் வேறு

இந்த உற்சாகம் சூடாக இருந்தபோதே ஒருவர் தண்ணீர் ஊற்றினார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் ரிச்சர்ட் லாபியர். 1930-களின் தொடக்கத்தில் ஒரு இளம் சீனத் தம்பதியுடன் அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றினார். சீனர்கள் மீது அங்கே கடும் வெறுப்பு இருந்த காலம். தங்குமிடங்கள், சாப்பாட்டுக் கடைகள் என்று 251 இடங்களுக்குப் போனார்கள். இடமில்லை என்று திருப்பி அனுப்பியது ஒரே ஒரு இடம்.

ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்குக் கடிதம் போட்டார். "உங்கள் இடத்தில் சீனர்களை வாடிக்கையாளராக ஏற்பீர்களா?" பதில் எழுதியவர்கள் 128 பேர். அதில் 90 சதவீதத்துக்கும் மேல் "மாட்டோம்" என்றார்கள். வந்து நின்றபோது சிரித்த முகத்தோடு சோறு போட்டவர்கள்தான்!

1934-ல் அவர் இதை எழுதியபோது சொல்ல வந்தது எளிமையானது. கேள்வித்தாளில் வரும் பதில், ஒரு கற்பனையான நிலைமைக்குக் கிடைக்கும் சொல். அதை வைத்து நிஜ நிலைமையில் நடக்கப்போவதைக் கணிக்காதீர்கள்.

இந்த இடைவெளியை அடைக்க ஏறக்குறைய 40 வருடம் ஆனது. மார்ட்டின் ஃபிஷ்பைன், ஐசெக் அய்சன் இருவரும் 1975-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு திருத்தம் வந்தது. ஒரு பொருளைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்காதே. அந்தப் பொருளைக் கொண்டு ஒரு காரியத்தைச் செய்வது பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேள். கூடவே, உனக்கு வேண்டியவர்கள் அதைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்றும் கேள். அய்சன் பின்னால் இன்னொன்றையும் சேர்த்தார். அதைச் செய்வது உன் கையில் இருக்கிறதா? அதாவது ஆசை, ஊர் பேச்சு, முடியுமா என்ற மூன்று. இன்டர்நெட் நல்லதா என்று கேட்டால் எல்லோரும் நல்லது என்பார்கள். அடுத்த மூன்று மாதத்தில் உன் வீட்டில் காசு கொடுத்து இணைப்பு போடுவாயா என்பது வேறு கேள்வி.

ஆபீஸிலிருந்து வீட்டுக்கு

கம்ப்யூட்டர் உலகத்துக்கு இதைக் கொண்டுவந்தவர் ஃபிரெட் டேவிஸ். எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டத்துக்குச் செய்த வேலையை விரிவாக்கி 1989-ல் வெளியிட்டார். ஒரு மென்பொருளை மக்கள் ஏன் ஏற்கிறார்கள் என்பதற்கு இரண்டு காரணங்களை முன்வைத்தார். ஒன்று, இது எனக்கு உபயோகப்படும் என்ற நம்பிக்கை. இன்னொன்று, இதைப் பயன்படுத்துவது சிரமமில்லை என்ற நம்பிக்கை. ஒவ்வொன்றுக்கும் 14 வாக்கியங்களில் ஆரம்பித்து, வடிகட்டி, 6 வாக்கியங்களில் நிறுத்தினார். முதல் சோதனை டொராண்டோவில் ஐபிஎம் கனடா ஆய்வுக்கூடத்தில் 112 ஊழியர்களிடம். அடுத்தது பாஸ்டனில் 40 எம்.பி.ஏ. மாணவர்களிடம். இரண்டிலுமே உபயோகம் என்ற காரணத்துக்கே வலு அதிகம். எளிமை அதற்குப் பின்னால்தான் வந்தது.

சாஃப்ட்வேர் ஆட்களான நமக்கு இது வேதவாக்கு மாதிரி. ஆனால் அந்த வாக்கியங்களைப் படித்துப் பாருங்கள். "இதைப் பயன்படுத்தினால் என் வேலையைச் சீக்கிரம் முடிப்பேன்" என்ற தினுசில் இருக்கும். எல்லாமே ஆபீஸ். அங்கே கம்ப்யூட்டர் வாங்குவது கம்பெனி, கரன்ட் பில் கட்டுவது கம்பெனி, ரிப்பேர் ஆனால் வந்து பார்க்கவும் ஆள் உண்டு. வீட்டில் அப்படியா? வாங்குபவர் ஒருவர், உபயோகிப்பவர் இன்னொருவர், முடிவெடுப்பவர் மூன்றாமவர்.

இந்த வித்தியாசத்தை நேரடியாகப் பார்த்த முதல் பெரிய முயற்சிகளில் ஒன்று 'ஹோம்நெட்'. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கிரௌட்டும் அவரது குழுவும் 1995-ல் பிட்ஸ்பர்க்கில் ஆரம்பித்தது. தேர்ந்தெடுத்த குடும்பங்களுக்குக் கம்ப்யூட்டர், தனி டெலிபோன் லைன், இன்டர்நெட் எல்லாம் இலவசம். பதிலுக்கு, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தானாகப் பதிவாவதற்குச் சம்மதிக்க வேண்டும், கேள்வித்தாள்களும் நிரப்ப வேண்டும். லாபியர் சொன்ன சொல்லும் செயலும் இங்கே பக்கத்துப் பக்கத்தில் கிடைத்தன.

பணத்தடை நீங்கியும் எல்லோரும் சமமாகப் பாயவில்லை. சின்னச் சின்னச் சிரமங்கள்கூட ஆட்களைத் தடுத்து நிறுத்தின. வீட்டில் அதிகம் உபயோகித்தது பதின்ம வயதுப் பிள்ளைகள். அப்பா அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்களே. இன்னொன்று எனக்கு முக்கியமாகப் பட்டது. இணையதளம் பார்ப்பதற்காக வந்தவர்களைவிட, மின்னஞ்சலில் யாரோடாவது பேசுவதற்காக வந்தவர்கள்தான் அதிக நாள் நிலைத்தார்கள். 'உபயோகம்' என்பது வீட்டுக்குள் வரும்போது 'யாரோடு பேசுவது' என்று மாறிவிடுகிறது.

அடுத்த முக்கியமான ஆய்வு விஸ்வநாத் வெங்கடேஷ், சூசன் பிரவுன் இருவரும் 2001-ல் வெளியிட்டது. வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்குவதைப் பற்றி 733 அமெரிக்கக் குடும்பங்களிடம் கேட்டார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் போய், உண்மையில் வாங்கினார்களா என்று பார்த்தார்கள். வாங்கியவர்களின் காரணங்கள் மூன்று வகை: பயன், சந்தோஷம், நாலு பேர் மத்தியில் மதிப்பு. வாங்காதவர்களை முக்கியமாகத் தடுத்தது வேறொன்று. தொழில்நுட்பம் மாறும் வேகம். இன்னைக்கு வாங்கினா நாளைக்குப் பழசாயிடுமே என்ற பயம். அதாவது 'வேண்டும்' என்பதற்கான காரணங்களைத் திருப்பிப்போட்டால் 'வேண்டாம்' வராது. இரண்டும் வேறு வேறு கணக்கு.

இன்னொரு முடிவும் உண்டு. "வாங்குவேன்" என்றவர்கள் சொன்னபடி நடந்ததைவிட, "வாங்க மாட்டேன்" என்றவர்கள் அதிகமாகச் சொன்னபடி நடந்தார்கள். யோசித்தால் ஆச்சரியமில்லை. வாங்குவதற்குப் பணம் சேரணும், கடைக்குப் போகணும், வீட்டில் ஒத்துக்கொள்ளணும். வாங்காமல் இருப்பதற்குச் சும்மா இருந்தால் போதும்.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. "வேண்டாம்" என்ற பதில் நன்றாகக் கணிக்கிறது என்பதால், அது காரணத்தையும் சொல்லிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்பா விஷயத்தில் நான் செய்தது இதுதான்.

ஒரே நாடு, இரண்டு பதில்

அமெரிக்க வணிகத் துறையின் கீழ் இருக்கும் என்.டி.ஐ.ஏ. என்ற அமைப்பு, 1995-லிருந்து வீட்டு இணைப்புகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டுவருகிறது. தரவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் நடத்தும் பெரிய சர்வேயிலிருந்து வருகிறது. 1998 டிசம்பரில் 26.2 சதவீத வீடுகளில் இன்டர்நெட். 2000 ஆகஸ்டில் 41.5. 2001 செப்டம்பரில் 50.5. மூன்றே வருடத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

வேகம் குறையக் குறைய, மிச்சம் இருப்பவர்கள் ஏன் வரவில்லை என்ற கேள்வி பெரிதானது. 2010 அக்டோபர் கணக்கெடுப்பில், வீட்டில் பிராட்பேண்ட் இல்லாதவர்கள் சொன்ன முக்கியக் காரணம்: தேவையில்லை அல்லது ஆர்வமில்லை, 47 சதவீதம். விலை அதிகம், 24 சதவீதம். சரியான கம்ப்யூட்டர் இல்லை, 15 சதவீதம். படித்தால் என்ன தோன்றும்? பாதிப் பேருக்கு ஆசையே இல்லை, விட்டுவிடலாம் என்றுதானே?

இதற்கு ஒரு வருடம் முன்பு, 2009 அக்டோபர்–நவம்பரில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்.சி.சி. 5,005 பேரிடம் ஒரு சர்வே எடுத்திருந்தது. அதில் பிராட்பேண்ட் இல்லாதவர்களில் 36 சதவீதம் பேர் சொன்ன முக்கியக் காரணம் செலவு. 22 சதவீதம் பேருக்கு டிஜிட்டல் பழக்கம் இல்லாதது. தேவையே இல்லை என்ற வகையில் வந்தவர்கள் 19 சதவீதம் மட்டும்.

ஒரே நாடு, ஏறக்குறைய ஒரே காலம். ஒன்றில் 47, இன்னொன்றில் 19. எது உண்மை?

இரண்டிலும் யாரும் பொய் சொல்லவில்லை. ஒன்று வீடுகளை எண்ணியது, மற்றது ஆட்களை எண்ணியது. அதைவிடப் பெரிய வித்தியாசம், பதில்களைப் போட வைத்திருந்த பெட்டிகள். எஃப்.சி.சி., கம்ப்யூட்டர் என்றாலே தயக்கம், இன்டர்நெட்டில் கெட்டது நடக்கும் என்ற பயம், இவற்றுக்குத் தனிப் பெட்டி வைத்தது. செலவையும் மாதக் கட்டணம், கம்ப்யூட்டர் விலை, இணைப்புக் கட்டணம் என்று உடைத்துக் கேட்டது. அப்படித் தனிப் பெட்டி இல்லாத ஒரு கணக்கெடுப்பில், பயந்த மனிதர் எங்கே போவார்? "எனக்கு எதுக்குங்க அதெல்லாம்" என்பார். அது 'ஆர்வமில்லை' பெட்டியில் விழும். இது என் ஊகம்தான். ஆனால் வலுவான ஊகம் என்று நினைக்கிறேன்.

'இல்லாதவர்கள்' என்ற பெட்டியே ஒற்றைப் பெட்டி இல்லை. பியூ ஆய்வு மையம் 2003-ல் வெளியிட்ட அறிக்கையில், இன்டர்நெட் பயன்படுத்தாதவர்களில் 20 சதவீதம் பேர் இணைப்பு இருக்கும் வீட்டிலேயே வசித்தார்கள். 17 சதவீதம் பேர் ஒரு காலத்தில் பயன்படுத்திவிட்டு விட்டவர்கள். முதல் ஆளுக்கும் இரண்டாவது ஆளுக்கும், கேபிளே வராத கிராமத்தில் இருப்பவருக்கும் ஒரே பெயர் வைத்தால் எப்படி?

2010 மார்ச்சில் இன்னொரு ஆய்வு வந்தது. எஃப்.சி.சி. கேட்டுக்கொண்டதால் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கவுன்சில் செய்தது. அவர்கள் டிக் அடிக்கும் தாளோடு போகவில்லை. வசதி குறைந்த மக்களோடும் அவர்களுக்கு உதவும் நூலகர்கள், சமூக ஊழியர்களோடும் உட்கார்ந்து நீண்ட பேட்டிகள், மொத்தம் 170 போல. அந்த மக்களில் இன்டர்நெட் முக்கியம் என்று புரியவைக்க வேண்டிய ஆள் ஒருத்தர்கூட இல்லை என்பது அவர்கள் கண்டது. வேலைக்கு விண்ணப்பம், பள்ளி வீட்டுப்பாடம், அரசு உதவி எல்லாம் ஆன்லைனுக்குப் போய்விட்டது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். பலர் இணைப்பு வாங்கி, பில் கட்ட முடியாமல் இழந்தவர்கள்.

கேட்கும் நேரமும் விதமும் மாறினால், ஆர்வம் என்று நாம் எழுதிவைக்கும் எண்ணும் மாறுகிறது.

எண்ணுக்குப் பின்னால் பணம்

இது கல்வியாளர்கள் சண்டை மட்டுமல்ல. ஆர்வமில்லை என்று வந்தால் அரசு விளம்பரமும் பயிற்சியும் கொடுக்கும். அல்லது கைவிட்டுவிடும். செலவு என்று வந்தால் மானியம் கொடுக்க வேண்டிவரும். எந்தப் பெட்டியில் எத்தனை டிக் என்பதை வைத்துக் கோடிக்கணக்கான டாலர் நகரும்.

2021 கடைசியில் அமெரிக்கா மானியத்தைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு மாதம் 30 டாலர் வரை, 1,420 கோடி டாலர் ஒதுக்கீடு. 2.3 கோடிக் குடும்பங்கள் சேர்ந்தன. அவர்களிடம் எஃப்.சி.சி. எடுத்த சர்வேயில், 68 சதவீதம் பேர் இதற்கு முன் தங்களுக்கு இணைப்பு இல்லவே இல்லை, அல்லது விட்டு விட்டுத்தான் இருந்தது என்றார்கள். சேர்ந்தவர்களிடம் மட்டும் கேட்டது என்பதால் இதையும் ஜாக்கிரதையாகத்தான் எடுத்துக்கொள்ளணும். ஆனாலும் விலை இறங்கியதும் இத்தனை வீடுகள் வந்து நின்றதைக் கேள்வித்தாள் எண்ணாகப் பார்க்க முடியாது. அது செயல். 2024-ல் பணம் தீர்ந்து, ஜூன் 1-ஆம் தேதி திட்டம் நின்றது.

இன்னொரு பக்கம், என்.டி.ஐ.ஏ.வின் 2021 கணக்கெடுப்பில் இன்டர்நெட் இல்லாத வீடுகளில் 58 சதவீதம் தேவையில்லை அல்லது ஆர்வமில்லை என்றன. கட்டுப்படியாகவில்லை என்றவை 18 சதவீதம். பழைய பெட்டி இன்னும் நிரம்பிக்கொண்டேதான் இருக்கிறது.

நம் ஊர் எண்கள்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இன்டர்நெட்டோடு கம்ப்யூட்டர் இருந்த வீடுகள் 3.1 சதவீதம். 2017–18 தேசிய மாதிரி ஆய்வில் இன்டர்நெட் வசதி உள்ள வீடுகள் 23.8 சதவீதம், கிராமத்தில் 14.9, நகரத்தில் 42. இரண்டின் வரையறையும் ஒன்றல்ல, அதனால் கழித்துப் பார்க்க வேண்டாம். இவை இருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்கின்றன. இல்லாத வீட்டில் இருப்பவர் மனதில் என்ன இருக்கிறது என்பதை இந்த எண்களிலிருந்து எடுக்க முடியாது.

சரி, அப்பா கதை.

2013-ல் தங்கைக்கு வெளிநாட்டில் குழந்தை பிறந்தது. அப்பா தினமும் சாயங்காலம் பக்கத்து வீட்டுக்குப் போய், அந்தப் பையன் கம்ப்யூட்டரில் பேத்தியைப் பார்த்துவிட்டு வருவதாக அம்மா சொன்னார். அந்த மாதமே வீட்டுக்கு இணைப்பு போட்டோம். ஹோம்நெட்காரர்கள் கேட்டிருந்தால் "நாங்கதான் அப்பவே சொன்னோமே" என்றிருப்பார்கள்.

அதற்கப்புறம் ஒருநாள் பேச்சுவாக்கில் அம்மா இன்னொன்றும் சொன்னார். "நீ முதல்ல கேட்டப்பவே அவரு பக்கத்து வீட்ல போயி மாசம் எவ்வளவு ஆகும்னு விசாரிச்சுட்டுத்தான் வந்தாரு. பென்ஷன்ல கட்டுப்படியாகாதுன்னு நெனச்சாரு. நீதான் கட்டுவேன்னு தெரியும், உன்கிட்ட வாங்கிக்கப் பிடிக்கல. அதோட, தொட்டா ஏதாவது ஆயிடும்னு பயம் வேற."

செலவு ஒரு பெட்டி, பயம் ஒரு பெட்டி, மகனிடம் கேட்கக் கூச்சம் ஒரு பெட்டி. மூன்றாவதுக்கு எந்தச் சர்வேயிலும் நான் கட்டம் பார்த்ததில்லை. எனக்கு வந்து சேர்ந்ததோ "எதுக்குப்பா" என்ற ஒற்றைச் சொல். நான்கு வருடம் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடமே கேட்டுவிட்டேன். "ஏம்ப்பா அப்போ வேண்டாம்னு சொன்னீங்க?"

போனில் பேத்தி அனுப்பிய வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"அப்போ தேவைப்படலப்பா. அவ்வளவுதான்."